மேற்கேயிருந்து வந்த இலை

கெசியா டீச்சருக்கு எதை எடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா, மகன் பெனோ பைக்கில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தானா என்று நாள் முழுக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாளையங்கோட்டையில் அவள் பார்க்கப் போன கவுன்சலர் ஒரு தியானம் சொல்லிக்கொடுத்தார்.

"கண்ணை மூடி நம்ம தாமிரபரணியை நினைச்சுக்கிடுங்கம்மா. வர்ற பயத்தைத் தடுக்க வேண்டாம். ஒவ்வொண்ணையும் ஒரு இலையில வச்சு ஆத்தோட விட்டுருங்க."

கைமேல் பலன் கிடைத்தது. மாத்திரை இல்லாமலே தூக்கம் வந்தது.

இன்றும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காபி குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். கேஸ் போனது. பெனோவின் பைக் போனது. ஆறு வெறுமையாக ஓடியது.

அப்போது மேற்கேயிருந்து ஓர் இலை மிதந்து வந்தது. அவள் விட்டதல்ல. அதில் வேறு யாருடைய பயமோ இருந்தது: டார்லின் வந்தால் கதவைத் திறந்துவிடக் கூடாது.

டார்லின் என்று அவளுக்கு யாரையும் தெரியாது. இலையைப் பையத் தள்ளிவிட்டாள். அது சுற்றி வந்து அவள் காலடியிலேயே நின்றது.

வாசலில் மணி அடித்தது. கணவன் மெர்வின் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி கெசியா, யாரோ டார்லினாம். ஒன்னையப் பாக்க வந்திருக்காவ. உள்ள உக்கார வச்சிருக்கேன்."