‘கம்’ என்றால் வா

“பட்டன் வந்துவிட்டது” என்று எழுதியிருந்தது மெஷின்.

சட்டையிலிருந்து பட்டன் கழன்று விழுந்ததைத்தான் பாவம், அப்படிச் சொல்லியிருந்தது. அவள் திருத்தினாள்.

அடுத்த வரியில் ஒருவன் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மெஷின் அவனைச் “சுத்தமாக வா” என்று குளிக்க அனுப்பியிருந்தது. அதையும் திருத்தினாள்.

அவளுக்கு வேலையே இதுதான். செல்போனில் ஆங்கிலத்தைத் தமிழாகவும் தமிழை ஆங்கிலமாகவும் மாற்றித்தரும் மெஷின் எங்கெங்கே உளறுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வாரம் ‘கம்’ வாரம். நானூறு வாக்கியங்கள், எல்லாவற்றிலும் அந்த ஒரே சொல். கனவு பலித்தாலும் கம், மயக்கம் தெளிந்தாலும் கம். மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ‘வா’ மட்டும்தான்.

அந்த ‘வா’வையும் போன வருடம் அவள்தான் வழிக்குக் கொண்டுவந்தாள். “அப்பா, வாருங்கள்” என்று மேடைப்பேச்சு பேசிக்கொண்டிருந்த மெஷினை, வீட்டில் பேசுவதுபோல் “வாங்க” என்று பேசப் பழக்கினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இடம் பார்த்து அர்த்தம் பண்ணத் தெரியாத ஜென்மம் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். வாக்கியத்துக்கு நாலு கமா போடுவதால் ஆபீஸில் அவருக்குக் கமா என்றே பெயர். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு கமா போட்டார்.

அப்போதுதான் போனில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இதோ அனுப்புகிறேன், அதோ அனுப்புகிறேன் என்று டாக்டர் இழுத்துக்கொண்டிருந்தார். நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது. முதல் நாளே நர்ஸின் போனில் மெஷினை ஏற்றிக்கொடுத்து, எங்கள் ஆபீஸ் சரக்கு, தைரியமாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

செய்தி ஆங்கிலத்தில், ஒரே வரி. மகளிடம் சொல்லச் சொல்லி அப்பா சொன்னாராம்: “ஐ ஆம் கமிங்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அப்பா வீட்டுக்கு வருகிறார்.

“ஓகே அப்பா, கம்” என்று பதில் அனுப்பினாள். நர்ஸிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

கமாவிடம் விஷயத்தைச் சொல்லி அரை நாள் லீவு போட்டாள். மெத்தைக்கு விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறையில் ஒரு நாற்காலி போட வேண்டும். அப்பாவுக்கென்று வாங்கி மேஜைக்கடியில் ஒரு வாரமாகப் பையில் காத்திருந்த புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா மில் கேட்டில் இருபத்தெட்டு வருடம் வாட்ச்மேனாக இருந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது என்பது அவர் சட்டம். வீட்டிலும் அப்படித்தான். வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் செருப்பில் கால் நுழைப்பார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை டாக்டரே பேசினார்.

அப்பா இறந்துவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முகம்வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பையிலிருந்த செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிறேன் என்று சொன்ன மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

அழுது சிவந்த கண்களோடு நர்ஸ் தன் போனை நீட்டினாள். அப்பா பேசியது திரையில் தமிழில் அப்படியே இருந்தது.

“பொண்ணுகிட்ட வரேன்னு சொல்லிடும்மா.”

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

மில்லுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்ன அதே ‘வரேன்’. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, பஸ் ஏறும்போது, ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது சக்கரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்ன ‘வரேன்’. ‘போறேன்’ என்ற சொல் அந்த வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பா விடைபெற்றிருக்கிறார். நானூறு வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் அந்த ஒரு வாக்கியத்தைக் கோட்டை விட்டுவிட்டாள்.

அடுத்த வரியில் அவள் அனுப்பிய பதில். அதை மெஷின் தமிழாக்கியிருந்தது. பிழை இருந்தால் தெரிவிக்கவும் என்று அதன் கீழே ஒரு பொத்தான். தெரிவிக்க ஒரு பிழையும் இல்லை.

“சரி அப்பா, வாங்க.”

அதைப் போனிலேயே சத்தமாகப் பேசவிட்டு அவருக்குக் கேட்க வைத்தாளாம் நர்ஸ். இன்னொரு தடவை என்று விரல் காட்டினாராம். கேட்டு முடித்ததும் கட்டிலுக்கு வெளியே காலை நீட்டி, தரையில் செருப்பைத் தேடுவதுபோல் துழாவினாராம்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாராம்.