மாத்துத் துணி

“இந்த மாசத்துல இது ரெண்டாவது தடவை அத்தே,” என்றாள் காத்தாயி. “எனக்கு மட்டும் மாசத்துக்கு ஒண்ணுதான்.”

மாமியார் கொல்லைக் கோடியில் இருந்த கீற்றுக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். இளைய மருமகள் செங்கமலம் தூரமென்று சொல்லி நேற்றே அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். துணி வெளுக்கும் வெள்ளச்சி வழக்கம்போல் மாத்துத் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அந்த வீட்டில் கந்தலுக்கும் பஞ்சம். கிழிந்த சேலையையும் யாராவது உடுத்தியிருப்பார்கள். தூரமானவளுக்கு வெள்ளச்சி தருவதை விட்டால் வேறு துணி இல்லை.

வல்லத்திராக்கோட்டை முழுக்கக் கடலை பறிப்பு. காத்தாயி இடுப்பு நிமிராமல் செடி பிடுங்கினாள். வீட்டுக்கு வந்தால் தண்ணீரும் மாடும் அடுப்பும் அவள் தலையில். ஒருத்தி நிழலில் காலை நீட்டிக் கிடப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கொழுந்தன் வேறு சந்தையிலிருந்து பொரி உருண்டை வாங்கிவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனான். தன் புருசன் ஒரு நாளாவது அப்படி வாங்கியதுண்டா?

காட்டில் அவளோடு வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நீயும் போய் அவளோடு உட்கார வேண்டியதுதானே என்றாள் ஒருத்தி. அதற்கெல்லாம் கொடுத்து வைக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி.

அது சுட்டது. மத்தியானம் கஞ்சிக் கலயத்தைத் தானே தூக்கிக்கொண்டு காத்தாயி கொட்டகைக்குப் போனாள். பொய்யென்று தெரிந்தால் போதும், மாமியார் செங்கமலத்தை இன்றைக்கே காட்டுக்கு விரட்டுவாள்.

“மாத்துத் துணி எங்கடி?”

“இருக்குக்கா.”

“காட்டு.”

காட்டுவதற்கு அங்கே துணி இல்லை.

“இரு, அத்தையக் கூப்புடுறேன்.”

திரும்பியவளின் கையைச் செங்கமலம் எட்டிப் பிடித்தாள். தூரமானவள் யாரையும் தொடமாட்டாள்.

“அப்ப நீ தூரமே இல்ல.”

“இல்லக்கா. ஒங்க மக வள்ளிக்கண்ணுதான். தை மாசமே பெரியவளாயிட்டா. தெரிஞ்சா பெரிய மச்சான் பள்ளிக்கூடத்த நிறுத்திருவாரு. இன்னிக்கி எட்டாங் கிளாஸ் பரிச்சை. துணியில்லாம எப்படிப் போவா? நான் ஒக்காந்தாத்தான வெள்ளச்சி தருவா?”

காத்தாயி கலயத்தைக் கீழே வைத்தாள். பெற்றவளை விட்டுவிட்டு மகள் இவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பொரி உருண்டைக்கு வந்த வயிற்றெரிச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

செங்கமலம் தயங்கினாள். “மொதல்ல நீங்கதான் நிறுத்துவீங்கன்னு பயப்படுதுக்கா.”

வீட்டுப் பக்கமிருந்து மாமியார் சத்தம் கொடுத்தாள். அவள் நெசமாகவே தூரந்தானா, பார்த்தாயா என்று கேட்டாள்.

காத்தாயி கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

“நெசந்தான் அத்தே. தெரியாம அவளத் தொட்டுட்டேன். குளிச்சிட்டுத்தான் உள்ள வருவேன்.”