மேடம் சொன்னால் போதும்

"மேடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் குடுத்துடறேன். சொல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கவுன்டர்காரர் பேனாவை மூடினார்.

எதிரில் நின்ற அம்மா நகரவில்லை. ஐம்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்து முகம் கறுத்து, குரலும் சோர்ந்து போயிருந்தது. தோள் பையிலிருந்து இரண்டு பழைய சட்டைகள் எட்டிப் பார்த்தன.

"சார், அதோ சுவரோரம் சக்கர நாற்காலி மூணு சும்மா கிடக்கு. தூசி படிஞ்சிருக்கு. அதுல ஒண்ணு, ஒரே ஒரு மாசத்துக்கு. பத்திரமா திருப்பிக் குடுத்துடுவேன்."

"தூசி எங்க பிரச்சினைம்மா. உங்க பிரச்சினை என்ன?"

"வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மாவுக்கட்டைப் பார்க்கணும்னு ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காங்க. போன தடவை பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க."

"நல்ல யோசனைதானே?"

"அவர் தொண்ணூத்தெட்டு கிலோ சார். பாதி வழியில நாற்காலி உடைஞ்சுடுச்சு. தூக்கினவர்ல ஒருத்தருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. இன்னொருத்தர் என் தலையைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கறார்."

கவுன்டர்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதி என்றால் விதி என்று இருப்பவர், அவ்வளவுதான். உதவித் தகவல் மையத்திலிருந்து சொல்லி அனுப்பினால்தான் இந்த அறக்கட்டளையில் எதையும் தரலாம். யாருக்கு எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று போனில் வழி சொல்கிற இடம் அது. அங்கே போன் எடுத்துப் பேசுபவர்தான் மேடம்.

"வேற எங்கேயும் கேட்டுப் பார்க்கலையா?"

"காலையிலேர்ந்து மூணு இடம் ஏறி இறங்கிட்டேன். முதல் இடத்துல ஊன்றுகோல் மட்டும்தானாம். அடுத்த இடத்துல அறுபது வயசு ஆகியிருக்கணுமாம். இவருக்கு ஐம்பத்தெட்டு. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. மூணாவது இடத்துல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு சட்டையைக் கையில திணிச்சு, போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க."

"இதுக்குத்தாம்மா முதல்ல மேடத்துக்குப் போன் பண்ணணும்னு சொல்றது!" கவுன்டர்காரரின் முகம் மலர்ந்தது. "எல்லா இடமும் அவங்களுக்கு விரல் நுனியில. அந்தக் குரலைக் கேட்டாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துடும்."

"நீங்க அவங்களைப் பார்த்திருக்கீங்களா சார்?"

"ஆறு வருஷமா போன் பழக்கம்தான்." அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். மேடத்துக்கு முப்பதுக்கு மேல் இருக்காது என்பது அவருடைய சொந்தக் கணிப்பு. "அவங்ககிட்ட ஒரே ஒரு குறை. யார் என்ன கேட்டாலும், 'நேரா அங்க போங்க, உடனே கிடைச்சிடும்'னு சொல்லிடுவாங்க. போறவங்க படற பாடு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றார் அந்த அம்மா. "சத்தியமா தெரியாது."

வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கவுன்டரை மூடினால் பிறகு திங்கட்கிழமைதான். கவுன்டர்காரர் மனமிரங்கி, தானே மையத்து எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டாங்க சார்."

"மேடமாவது, எடுக்காம இருக்கறதாவது!"

இரண்டாம் முறை முயன்றார். மூன்றாம் முறையும் முயன்றார். யாரும் எடுக்கவில்லை.

"பார்த்து ஏதாவது செய்யுங்க சார். சிபாரிசு பிடிச்சு வாங்கறது எனக்குப் பிடிக்காது. எல்லாரையும் போல கேட்டு வாங்கலாம்னுதான் வந்தேன்."

"எல்லாருக்கும் இதே விதிதாம்மா. மேடம் தன் வாயால சொல்லணும். இல்லேன்னா திங்கட்கிழமை வாங்க."

அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி வெளியே போனார். கவுன்டர்காரருக்கு மனசு என்னவோ போலிருந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்தபோது செல்போன் அடித்தது. ஏதோ புது நம்பர்.

"வணக்கம் அண்ணா! உதவித் தகவல் மையத்திலேர்ந்து பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

தேன் குரல்! கவுன்டர்காரர் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். "மேடம்! உங்களுக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்!"

"ஒரு அம்மா வந்திருப்பாங்க அண்ணா. வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சிருக்கு. பாவம், ரொம்ப அலைஞ்சுட்டாங்க. ஒரு சக்கர நாற்காலி குடுத்துடறீங்களா?"

"நீங்க சொல்லி நான் மறுப்பேனா மேடம்! இப்பத்தான் வெளியே போனாங்க. நானே தள்ளிக்கிட்டுப் போய்க் குடுக்கறேன்!"

இருப்பதில் நல்ல நாற்காலியாகப் பார்த்து விரித்து, சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வாசல் வரை தள்ளினார். "இதோ வந்துட்டேன் மேடம், எந்தப் பக்கம் போனாங்கன்னு பார்க்கறேன்..."

வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா, காதில் போனோடு.

"ரொம்ப நன்றி அண்ணா," என்றது அந்தத் தேன் குரல், போனிலும் நேரிலுமாக. "இன்னைக்கு நான் லீவு. அதான் அங்க போனை எடுக்க ஆளில்லை."