கைகொட்டும் பருவம்

அந்த மெல்லிய நூலை எடுத்த கோவிந்தப்பன் அதை மேசையில் திரும்ப வைக்கவே இல்லை.

ஒசூர்ப் புத்தகக் கண்காட்சியில், தாமே எழுதித் தாமே அச்சிட்டவர்களுக்கென்று ஒரே ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். அஞ்செட்டிக் காட்டு யானைகளைப் பற்றிய குழந்தைப் படநூல், தமிழும் கன்னடமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்த தாலாட்டுகள், சிப்காட் ஷிப்டு வாழ்வைச் சொல்லும் தடித்த நாவல், ராகிச் சமையல். அவற்றுக்கு நடுவே நாணிக்கொண்டு கிடந்தது 'மலையடிப் பிள்ளைத்தமிழ்'.

பிள்ளைத்தமிழ்! அதுவும் புதியது! அதுவும் இந்த ஊரில்!

பகலில் உதிரிபாக ஆலையின் ஸ்டோர்ஸ் மேற்பார்வை. வெள்ளி மாலையில் மலைக்கோயில் பாடற்குழுவின் தலைமை. இவ்விரண்டுக்கும் இடையில் கோவிந்தப்பனுக்கு ஒரே ஓர் ஏக்கம் இருந்தது. மலைமேல் இருக்கும் அம்பாளைக் குழந்தையாக்கி, பத்துப் பருவமும் பாடிச் சீராட்டும் ஒரு நூல், தம் ஆயுளுக்குள் வந்துவிட வேண்டும்.

வந்துவிட்டது.

காசு கொடுத்து நூலோடு திரும்பியவரின் கண்ணில், மேசைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் மடியிலிருந்த கைக்குழந்தை பட்டது. யானைப் புத்தகத்தின் ஒரு மூலையை அது சுவைத்துக்கொண்டிருந்தது. சரக்கு நனைவதைப் பொறுக்காத மனிதர் அவர்.

"ஏம்மா, விக்கிற புக்கெல்லாம் உம் புள்ள ருசி பாக்குது. கவனிக்க மாட்டியா?"

அந்தப் பெண் சிரித்தபடி யானையை மீட்டாள்.

வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மீது அமர்ந்தே அவர் படிக்கத் தொடங்கினார். காப்புப் பருவத்தில், தெய்வங்களோடு 'வெள்ளை உடுத்த தாயர் இரவெலாம் காக்க' என்று வந்தது. கலைமகளை இப்படிப் பன்மையில் அழைத்தவர் எவருமில்லை என்று வியந்தார். அடுத்த பருவத்தில் நெஞ்சு விம்மிற்று.

கண்ணாடிப் பேழையிற் கண்வளர்ந் தெழுந்தவள்
செங்கீரை ஆடி யருளே.

உற்சவத் திருமேனி எழுந்தருளியிருக்கும் கண்ணாடிப் பெட்டியை அவர் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். அதற்குள்ளே ஒரு குழந்தை உறங்குவதை இன்றுதான் கண்டார்.

மேற்கொண்டு படிக்கப் பொறுமை இல்லை. குழுவில் மத்தளம் வாசிக்கும் மோகன்குமாரைக் கைப்பேசியில் அழைத்து, வரும் வெள்ளியன்று அம்பாள் சந்நிதியில் பத்துப் பருவமும் பாடுகிறோம், எல்லாருக்கும் சொல்லிவிடு என்றார். சொல்லிவிட்டேன் என்று உடனே பதிலும் வந்துவிட்டது.

பிறகு தாலப் பருவம். பிறகு, குழந்தையைக் கைகொட்டச் சொல்லும் சப்பாணிப் பருவம்.

பிறகு பின்னட்டை.

முத்தம் எங்கே? நடந்து வரச்சொல்லி அழைக்கும் வாரானை எங்கே? நிலவை விளையாடக் கூப்பிடும் அம்புலி எங்கே? அம்மானை, நீராடல், ஊசல் ஒன்றுமே இல்லை. பைண்டிங்கில் ஒரு பாரம், பதினாறு பக்க மடிப்பு, விட்டுப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமையோ வாசலில் நிற்கிறது.

செருப்பு நழுவியதைக்கூடப் பாராமல் உள்ளே ஓடினார்.

மேசைக்குப் பொறுப்பான சம்பங்கி மற்ற பிரதிகளையும் பிரித்துக் காட்டினாள். எல்லாம் நான்கோடு நின்றன. அம்பாளை நான்காம் பருவத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் யார், அவரை எங்கே பார்க்கலாம் என்று கோவிந்தப்பன் மூச்சிரைக்கக் கேட்டார்.

சம்பங்கி பக்கத்தில் கைகாட்டினாள்.

மடியில் குழந்தையோடு அந்தப் பெண் எழுந்து நின்றாள். பிரவீனா. மத்திகிரியில் வாடகை வீடு, செல்போன் ஆலையில் அசெம்பிளி வேலை, எப்போதோ படித்த தமிழ் இலக்கியம்.

"பாரம் ஒண்ணும் விட்டுப்போகலீங்க சார். இவ இன்னும் நடக்கல."

அவள் தணிந்த குரலில் சொன்னாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளாம். உள்ளே விடமாட்டார்கள், இரவெல்லாம் நர்சுகள்தான் காவல், வெளியே நின்று எழுதியதுதான் காப்பு. அதன் பிறகு இவள் ஒரு பருவத்தை எட்டாமல் அந்தப் பருவத்துக்கு ஓரடியும் எழுதுவதில்லை. முந்திக்கொண்டு எழுதப் பயம். போன மாதம் கைகொட்டிவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் தாய் அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

கோவிந்தப்பன் நூலைத் திறந்தார். வெள்ளை உடுத்த தாயர். கண்ணாடிப் பேழை. மூடினார்.

கைப்பேசி ஒலித்தது. மோகன்குமார். பத்துப் பருவத்துக்கும் ராகம் எப்படிப் பிரிப்பது என்று கேட்டான்.

"நாலுதாம்பா இப்பப் பாடறோம். மிச்சம் அவ வளர வளர."

மறுமுனை கேட்டது.

"யாருண்ணா, அம்பாளா?"

குழந்தை அவரைப் பார்த்தது. யானைப் புத்தகம் எப்படியோ மறுபடியும் அதன் கைக்குப் போயிருந்தது. இம்முறை அவர் தடுக்கவில்லை.

"ஆமாப்பா. எதிர்லதான் உக்காந்திருக்கா" என்றார்.