படிப்படியாக ஏறிய கோடு

“மறுபடியும் தாவிடுச்சு!”

திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைக் காட்டிப் பல்லைக் கடித்தாள் விஞ்ஞானி.

உதவியாளர் எட்டிப் பார்த்தார். ஒரு கையால் கால்சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். பெல்ட்டில் இரும்புக் கொக்கி இருக்கிறதென்று காலையிலேயே அதைக் கழற்ற வைத்துவிட்டாள் அவள்.

“நான் அசையவே இல்ல மேடம். அசைஞ்சா மானம் போயிடும்.”

“பல்லு கில்லு கட்டியிருக்கீங்களா?”

“கடைவாய்ல ரெண்டு. அதையும் கழட்டணுமா?”

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் ஒரு நோயாளியின் சுத்தமான பதிவை ஆஸ்பத்திரிக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அவர்கள் வேறு கருவியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறு வருஷ உழைப்பு அம்போ.

கருவி என்னவோ கட்டைவிரல் அளவுதான். உலோக ஆவியை அடைத்த ஒரு கண்ணாடிக் குமிழி, அதன் வழியே ஒரு லேசர் ஒளி. இதயம் துடிக்கும்போது எழுகிற இம்மியளவு காந்தத்தை, உடம்பைத் தொடாமலே பிடித்துவிடும். ஈசிஜி கோட்டைவிடுகிற கோளாறுகூட அதன் கண்ணில் படும்.

ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. சற்றுத் தள்ளி இரும்பு ஏதாவது நகர்ந்தால் போதும், கோடு தாவிவிடும். அதனால்தான் தெரு வாகனங்களை விட்டு விலகி நாலாவது மாடியில் அறை. உள்ளே போன் கூடாது. ஆய்வு நேரத்தில் யாரும் கதவைத் தட்டக் கூடாது. லிஃப்ட்டையும் பூட்டி, சாவியைத் தன் மேசை மேல் வைத்துக்கொண்டாள். மாடிக்கு மாடி நோட்டீஸ் வேறு ஒட்டியாயிற்று.

இவ்வளவும் செய்தும் கோடு தாவுகிறது.

“அந்தத் தையல்காரம்மாவையும் காணோம்! பத்து மணிக்கு வரச் சொன்னோம். இப்ப மணி பத்தே முக்கால்.”

“வந்துடுவாங்க மேடம்.”

“எங்க வர்றது? ஓசியில செஞ்சு குடுத்தா இப்படித்தான், அருமை தெரியாது. காசு கட்டச் சொல்லியிருந்தா ஒன்பதரைக்கே வந்து நின்னிருப்பாங்க.”

தையல்காரம்மாவுக்கு நாலு எட்டு வைத்தால் நெஞ்சை அடைக்கும். ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். இப்படி ஒருத்தருக்காகத்தான் அவள் மூன்று மாதம் தவம் கிடந்தாள். கிடைத்தவரோ கைகொடுக்கிற நேரத்தில் காலை வாரிவிட்டார்.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

கோடு தாவியது. இந்த முறை நன்றாகவே.

“இங்க பாருங்க. பத்தேகாலுக்கு ஒரு தாவல், சின்னது. அப்புறம் கால் மணி நேரம் கம்முனு இருந்துச்சு. ரெண்டாவது அதைவிடப் பெருசு. இது அதைவிடப் பெருசு.” அவள் குரல் இறங்கியது. “ஏதோ இரும்பு. நின்னு நின்னு நகருது. நம்மளைப் பாத்துதான் வருது.”

“பயமுறுத்தாதீங்க மேடம்.”

“யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!”

கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். உதவியாளர் கால்சட்டையைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

பாதிப் படி இறங்கியதுமே ஆள் அகப்பட்டுவிட்டார். மூன்றாவது மாடியில், இவளுக்கு முதுகு காட்டிக் குனிந்து நின்றிருந்தார் வாட்ச்மேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் இரும்பு நாற்காலியின் கால்கள் தெரிந்தன. வாசலில் அவர் போட்டு உட்காரும் அதே நாற்காலி.

“அறிவிருக்கா உங்களுக்கு? மாடிக்கு மாடி நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே, படிக்கலையா?”

“படிச்சேன்மா. அதனாலதான் லிஃப்ட் பக்கமே போகல.”

“அப்புறம் எதுக்கு இந்த இரும்பைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஊர்வலம் வர்றீங்க? என் ஆறு வருஷ உழைப்பு...”

“மெதுவாம்மா.” வாட்ச்மேன் திரும்பாமலே கையைக் காட்டினார். “இப்பத்தான் மூச்சு சீராயிருக்கு.”

அவர் விலகினார். நாற்காலியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சிலேயே இருந்தது.

“ஒன்பதரைக்கே வந்துட்டாங்கம்மா. யாராவது கீழ வருவீங்கன்னு பத்து மணி வரைக்கும் பாத்தோம். போன் பண்ணவும் முடியாது, கதவைத் தட்டவும் கூடாது. சரி, மெதுவா ஏறலாம்னாங்க. மாடிக்கு மாடி உக்கார ஒரு எடம் வேணாமா? அதான் இதையும் தூக்கிட்டுக் கூடவே வர்றேன்.”

தையல்காரம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதம்மா, ரொம்பக் காக்க வச்சுட்டேன். இன்னும் ஒரு மாடிதானே? ஏறிடுவேன்.”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “உக்காருங்கம்மா, லிஃப்ட் சாவியை எடுத்துட்டு வர்றேன்” என்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையைச் சுவருக்கு உயர்த்தினாள்.

அங்கே, தையல்காரம்மாவின் தலைக்கு நேர் மேலே, அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டிய நோட்டீஸ் இருந்தது:

‘இதய நோயாளிகளின் நன்மைக்காக லிஃப்ட் நிறுத்தப்பட்டுள்ளது.’