பிரபுவின் முதல் வாசகர்

கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகம் இருந்தது. பிரபு ஒருவர் தன் அரசியல் வாழ்க்கையைப் பற்றி எழுதியது. முதல் பதிப்பு, தோல் அட்டை, தங்க எழுத்து. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொந்தக்காரர் அதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே காட்டுவார். புத்தகத்துக்கு அதில் ஏகப்பட்ட கர்வம்.

ஒரு நாள் ராமபாணப் பூச்சி ஒன்று அதன் ஓரத்தைக் கடித்தது.

“அடேய், அற்பப் பூச்சியே! எத்தனை மந்திரிகள் என்னைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள் தெரியுமா?”

“ஏந்தினாங்க, சரி. படிச்சாங்களா பிரபு?”

“படிக்காமலா?”

“உங்க காலத்துல தாளெல்லாம் மடிப்போடதான் வரும். கத்தியால கீறிப் பிரிச்சாத்தான் படிக்க முடியும். இங்க முன்னுரையைத் தாண்டி ஒரு மடிப்பும் பிரியலையே! உள்ள வந்த முதல் ஆள் நான்தான்.”

பூச்சி சாவகாசமாகத் தின்றது. வயிறு நிறைந்ததும் கிளம்பியது.

“கொஞ்சம் நில்லுங்கள்,” என்றது புத்தகம், மெதுவாக. “எதுவரைக்கும் வந்தீர்கள்?”

“மூணாவது அத்தியாயம். ராஜாவோட உங்களுக்குச் சண்டை.”

“ஐயையோ, அங்கே போய் நிறுத்துவார்களா? அடுத்ததில்தானே என்னை நாடு கடத்துகிறார்கள்! உட்காருங்கள் ஐயா, இன்னும் ரெண்டு பக்கம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.”