நாற்பது முறை ஓடிப் பார்த்த வளை

வயல் வரப்பில் ஒரே ஒரு குறுகிய வாசல் வைத்த வளையில் மொட்டைவால், நெடுமீசை என்று இரண்டு எலிகள் குடியிருந்தன. மொட்டைவாலுக்குப் பாம்பு என்றாலே குலை நடுங்கும். "பாம்பு துரத்துனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓடி வருவோமே, இந்த வாசல்ல மாட்டிக்க மாட்டோமா?" என்று நெடுமீசையை நச்சரித்துக்கொண்டே இருந்தது.

"ஓடித்தான் பாத்துடுவோமே," என்றது நெடுமீசை.

ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி, வயலிலிருந்து வளைக்கு இரண்டும் நாற்பது முறை ஓடின. ஒருமுறைகூட மாட்டிக்கொள்ளவில்லை.

களைத்துப்போய் வயலில் உட்கார்ந்தபோது நெடுமீசை சிரித்தது. "பாத்தியா? சும்மா பயந்து சாகுற."

மொட்டைவாலுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது. "ஆனா ஒரு தடவைகூட நீ என்மேல இடிக்கலையே, எப்படி?"

"இடிச்சா உனக்கு வலிக்குமேன்னு, நீ உள்ள போற வரைக்கும் வாசல்ல ஒரு நொடி நின்னுட்டுத்தான் நுழைஞ்சேன்."

மொட்டைவால் துள்ளி எழுந்தது. "அடப்பாவி! அப்போ நாம எதைத்தான் பாத்தோம்? எந்திரி, இன்னொரு தடவை, நிக்காம..."

பின்னால் நெற்பயிரைச் சரசரவென்று விலக்கிக்கொண்டு பாம்பு வந்தது.

இந்த முறை ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வாசலில் நெடுமீசை நிற்கவும் இல்லை; இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வாசலில் மாட்டிக்கொண்டன.